தூரம் 15,340 கிலோமீட்டர், நேரம் எவ்வளவு?

கேள்வி இதுதான். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை தூரம் ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது. வகுத்துப் பார்த்தால் 17 மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் 18 மணி 50 நிமிடம் என்று போட்டிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் போகும்போது 7 மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பும்போது 30 மணி நேரத்தைத் தாண்டுகிறது. இருக்கைக்கு எதிரே உள்ள திரையோ 16,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்ததாகக் காட்டுகிறது. இதில் எதை நம்புவது?

எல்லாவற்றையும் நம்பலாம். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில். குழப்பம் வருவது, ஒரு கேள்விக்கான எண்ணை எடுத்து இன்னொரு கேள்விக்குள் போடும்போதுதான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியில் படித்தது தரையில் ஓடும் வண்டிக்குச் சரி. விமானம் தரையில் ஓடவில்லை, காற்றில் ஓடுகிறது. அந்தக் காற்றும் சும்மா நிற்பதில்லை. நீண்ட தூரப் பயணத்தின் கணக்கு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது குறுக்கு வழி அல்ல. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த படம் அது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். ஒரு பூமி உருண்டையும் ஒரு நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்து, மறு முனையை நியூயார்க்கில் வைத்து, விறைப்பாக இழுங்கள். நூல் பசிபிக் பக்கமும் போகாது, அட்லாண்டிக் பக்கமும் போகாது. தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டி, மறுபக்கம் கனடா வழியாக இறங்கும். நூல் பிடித்துக் காட்டுவதுதான் பெருவட்டப் பாதை. இரண்டு புள்ளிகளுக்கு இடையே பூமியின் மேல் இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது.

இந்த இரண்டு விமான நிலையங்களை நான் விரும்பி எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. சாங்கி கிட்டத்தட்ட கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது, கென்னடி மேற்கு 74-இல். கூட்டினால் 178. பாதிச் சுற்றான 180-க்கு இரண்டுதான் குறைவு. அதாவது ஏறக்குறைய பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் குறுக்கு வழி துருவத்தை ஒட்டியே போகிறது; கால்குலேட்டர்கூட இல்லாமல் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். துருவம் இருப்பது 90 பாகையில். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை, அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. கென்னடியின் அட்சரேகை 40.64, துருவத்திலிருந்து 49.36 பாகை. கூட்டினால் சரியாக 138 பாகை. ஒரு பாகை என்பது 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346 கிலோமீட்டர். பாதை துருவத்தின் மேலேயே போகாமல் கொஞ்சம் விலகிப் போவதால் இதில் ஐந்தாறு கிலோமீட்டர் குறையும். 15,340 என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானிகள் இதையே இன்னும் சுலபமாகச் செய்வார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல். அப்படித்தான் கடல் மைலே பிறந்தது. இன்று அது 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது. 138-ஐ அறுபதால் பெருக்கினால் 8,280 கடல் மைல். வேலை முடிந்தது. கப்பல் காலத்து அளவு இன்னும் விமானி அறையில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் பழக்கம் மட்டும் அல்ல, இந்த வசதியும்தான்.

ஓரிடத்தில் 15,332 என்றும் இன்னோரிடத்தில் 15,349 என்றும் பார்த்தால் பதற வேண்டாம். பூமி சுத்தமான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஓர் எண், சப்பையான வடிவத்தை வைத்துப் போட்டால் வேறோர் எண். மிஞ்சிப்போனால் அரை சதவீத வித்தியாசம். சிலர் நகரத்தின் மையத்திலிருந்து அளப்பார்கள், சிலர் விமான நிலையத்திலிருந்து. அதற்கு மேல் இதில் ஆராய ஒன்றும் இல்லை.

இடையில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறதே, அந்தப் பெரிய வட்டத்தால் தூரம் கூடாதா? கூடும். 15,340-க்கு 26 கிலோமீட்டர். நேரத்தில் சொன்னால் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

சரி, வேகத்துக்கு வருவோம். 900 என்ற எண் எங்கிருந்து வருகிறது? இன்றைய நீண்ட தூர விமானங்களான ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டும் மாக் 0.85 சுற்றுவட்டாரத்தில் பறக்கின்றன. ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் என்று பொருள். தரை மட்டத்தில் ஒலியின் வேகம் மணிக்கு 1,225 கிலோமீட்டர் வரும். பறக்கும் உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி குளிர். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அதில் 85 சதவீதம் 903. இதற்கு மேலே தள்ளினால் இறக்கையின் மேல் ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றின் பரப்பு பெரிதாகி, இழுவை திடீரென்று ஏறி, எரிபொருள் கொட்டும். அறுபது வருடத்துக்கு முன் வந்த ஜெட் விமானங்களும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் பறந்தன. சத்தம், எரிபொருள் செலவு, பாதுகாப்பு எல்லாம் எவ்வளவோ மாறிவிட்டன. வேகம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் இந்த 903 காற்றைப் பொறுத்த வேகம். ஆற்றில் ஓடம் விடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துடுப்புப் போடும் வேகம் ஒன்று, கரையைக் கடக்கும் வேகம் வேறொன்று. வெள்ளத்தோடு போனால் கரை ஓடும், வெள்ளத்தை எதிர்த்தால் கரை நகரவே நகராது. திரையில் தெரியும் வேகத்தைக் கவனித்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்கும், இருக்கை ஆடாது, ஆனால் எண் மட்டும் 880, 940, 1,010 என்று ஏறும்; ஒரு மணி நேரம் கழித்து 860-க்கு இறங்கியிருக்கும். விமானி எதையும் தொடவில்லை. வெளியே காற்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் காற்றுக்குப் பெயர் ஜெட் ஓட்டம். பூமியின் வட, தென் அரைக்கோளங்கள் இரண்டிலும் நடு அட்சரேகைகளை ஒட்டி, விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஆறு மாதிரியான காற்று. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம். குளிர்காலத்தில் வடக்கு பசிபிக்கின் மேல் 300-ஐயும் தாண்டும். இதை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் ஓயிஷி வசபுரோ என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920-களில் பலூன் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கத் தெரியட்டும் என்று நினைத்து உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். உலகம் முழுக்க யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள், தங்கள் விமானம் ஏன் இப்படி அடித்துச் செல்லப்படுகிறது என்று திகைத்தபோதுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது. பிறகு 1952-இல் பான் அமெரிக்கன் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு இந்தக் காற்றில் ஏறிப் பறந்தது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கியது.

இன்னும் கண்ணெதிரே நடந்த உதாரணம் வேண்டுமென்றால், 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது நியூயார்க்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஒரு போயிங் 747 வந்து சேர்ந்ததைச் சொல்லலாம். ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். பிடித்த நேரம் 4 மணி 56 நிமிடம். நடுவில் தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டர் வரை போனது. தரை மட்டத்து ஒலி வேகத்தைவிட இது அதிகம். அதனால் பயணிகள் விமானம் ஒலித் தடையை உடைத்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. காற்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதே காற்றை எதிர்த்து அன்று லண்டனிலிருந்து நியூயார்க் கிளம்பியவர்களுக்கு நேரம் இழுத்துக்கொண்டே போயிருக்கும்.

"போகும்போது தள்ளும், வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். சரியாகாது. 9,000 கிலோமீட்டர் தூரம், 900 வேகம் என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். இப்போது 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசட்டும். பின்காற்றோடு போனால் வேகம் 1,000, நேரம் 9 மணி. எதிர்காற்றில் வரும்போது வேகம் 800, நேரம் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். உதவி செய்யும் காற்றோடு இருப்பது குறைந்த நேரம், தடுக்கும் காற்றோடு மல்லுக்கட்டுவது அதிக நேரம். எனவே நஷ்டம்தான் எப்போதும் மிஞ்சும். போக வர ஒரே பாதையில் பறந்தால் இதிலிருந்து தப்ப வழியில்லை.

ஒரே பாதையில் பறந்தால். சிங்கப்பூர்–நியூயார்க் சுவாரசியமாவது இந்த இடத்தில்தான். இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள் என்பதால் கிழக்கே போனாலும் சேரலாம், மேற்கே போனாலும் சேரலாம், தூர வித்தியாசம் அவ்வளவாக இல்லை. ஆகவே சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் ஜப்பான் பக்கம் ஏறி, வடக்கு பசிபிக்கின் ஜெட் ஓட்டத்தைப் பிடித்து, கிழக்கு நோக்கி அமெரிக்காவைக் குறுக்கே கடந்து நியூயார்க் போகிறது. திரும்பும்போது வந்த வழியே வருவதில்லை. பல நாட்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பாவின் மேல் பறந்து, மீண்டும் கிழக்கு நோக்கியே சிங்கப்பூர் வந்து சேர்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. போய் வந்தவர் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்பார். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. குறுக்கு வழியான துருவப் பாதை 15,340. பறந்த பாதை 16,000-க்கு மேல். ஆனாலும் நீளமான பாதையில் நேரமும் எரிபொருளும் குறைவு. திரையில் பார்த்த அந்த 16,000 இதுதான்.

விமானத்தின் பாதையைத் திட்டமிடுபவர்கள் தரைத் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. காற்றுக்குள் எவ்வளவு தூரம் பறக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். 16,600 கிலோமீட்டர் பாதையில் சராசரியாக 80 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால், தரையைப் பொறுத்த வேகம் 980. நேரம் பதினேழு மணிக்குக் கொஞ்சம் கீழே. அந்த நேரத்தில் காற்றுக்குள் விமானம் கடந்தது 15,240 சொச்சம்தான், துருவப் பாதையின் 15,340-ஐவிடக் குறைவு. அன்றைய காற்று வரைபடத்தை வைத்து, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு கணினி எந்தப் பாதையைச் சொல்கிறதோ அதுதான் அன்றைய பாதை. நேற்று போன வழியில் இன்று போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்தத் தந்திரத்தின் உச்சம் 2005 நவம்பரில் நடந்தது. போயிங் 777-200எல்ஆர் ஒன்று ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் பறந்தது. ஹாங்காங்–லண்டன் குறுக்கு வழியில் 10,000 கிலோமீட்டர்கூட வராது. அவர்கள் வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாக, கிழக்கே, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று சுற்றிப் போனார்கள். 21,602 கிலோமீட்டர், 22 மணி 42 நிமிடம். பூமியின் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் குறுக்கு வழி ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எப்பேர்ப்பட்ட தூரம் என்று புரியும். உள்ளே இருந்தது முப்பத்தைந்து பேர்.

ஏன் அவ்வளவு குறைவான ஆட்கள் என்றால், எல்லாம் எடைதான். தூரம் கூடக்கூட எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர்–நியூயார்க் பறக்கும் ஏ350-900யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் வரை கொள்ளும். எடையில் ஏறக்குறைய 130 டன். விமானம் கிளம்பக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எரிபொருள். அதனால்தான் உள்ளே 161 இருக்கைகள் மட்டும், சாதாரண வகுப்பே கிடையாது. கிளம்பும்போது இவ்வளவு கனமாக இருப்பதால் நேராக உச்சிக்கு ஏறவும் முடியாது. முதலில் 31,000 அல்லது 33,000 அடி. எரிபொருள் கரையக் கரைய 35,000, 37,000, கடைசியில் 40,000 பக்கம். படிப்படியாக ஏறும் இந்த ஏற்றத்தை உயர எண்ணைக் கவனித்தால் நீங்களே பார்க்கலாம்.

இந்த எடைக் கணக்கின் கறாரான உதாரணம் பழைய காலத்தில் இருக்கிறது. 1943 முதல் 1945 வரை, ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்துவைத்திருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் கொக்கலை ஏரிக்கும் இடையே கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம், எங்கும் இறங்காமல், வானொலியை அணைத்துவிட்டு, நட்சத்திரத்தைப் பார்த்து வழி தேடி. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் இரட்டைச் சூரியோதயம் என்றே பெயர். எரிபொருளை ஏற்றியது போக மிஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் எழுபது கிலோ தபாலுக்கும்தான்.

காற்று தவிர, பாதையை வளைக்கும் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, இரண்டே என்ஜின் உள்ள விமானம் ஒரு என்ஜின் நின்றுபோனால் குறித்த நேரத்துக்குள் போய் இறங்க ஓர் ஓடுதளம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. ஏ350-க்கு இந்த வரம்பை 370 நிமிடம் வரை நீட்டிக்க அனுமதி உண்டு என்பதால் வடக்கே இது இப்போது பெரிய தொல்லை இல்லை. தென் அரைக்கோளத்தில்தான் இது கடிக்கும். சிட்னியிலிருந்து சாண்டியாகோவுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ நூல் பிடித்தால் அது அன்டார்க்டிகா பக்கம் சரியும். அங்கே இறங்க என்ன இருக்கிறது?

இன்னொன்று அரசியல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேல் பறந்தால் ஒன்பதரை மணி நேரம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. அதே விமானம் இப்போது துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ போய் 13 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஊர் நகரவில்லை, விமானம் மாறவில்லை. பக்கத்து நாட்டின் கதவு சாத்தப்பட்டது, மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. புதிதும் அல்ல இது. சோவியத் காலத்திலும் இதே கதைதான். 1957-இல் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோ போகத் தொடங்கிய விமானங்கள் துருவத்தைச் சுற்றி, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் போயின. எனவே பழைய புத்தகத்திலோ பழைய அனுபவத்திலோ உள்ள நேரத்தை இன்றைய பயணத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட்டில் உள்ள 18 மணி 50 நிமிடத்துக்கு வருகிறேன். அது வானில் இருக்கும் நேரம் அல்ல. ஒரு விமான நிலையத்தின் கேட்டை விட்டு நகர்வது முதல் மறு விமான நிலையத்தின் கேட்டில் நிற்பது வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முன்னால் பத்து விமானம் வரிசையில் நின்றால் காத்திருப்பது, இறங்கிய பிறகு கேட் காலியாகும் வரை நிற்பது எல்லாம் இதில் சேரும். கென்னடி மாதிரி நெரிசலான இடத்தில் மாலை நேரத்தில் இதுவே அரை மணி, முக்கால் மணி தின்றுவிடும். மேலே ஏறும் போதும் கீழே இறங்கும் போதும் 900 வேகம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போடுகின்றன. காற்று மோசமான நாளிலும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு வர வேண்டும் அல்லவா? "இன்று இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது நான் கைதட்டுவதில்லை.

வீட்டிலிருந்தே தோராயமாகக் கணக்குப் போட ஆசையிருந்தால் என் வழி இது: தூரத்தை 850-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். 15,340-ஐ 850-ஆல் வகுத்தால் 18 மணி 3 நிமிடம். 40-ஐக் கூட்டினால் 18 மணி 43 நிமிடம். டிக்கெட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. பெர்த்–லண்டன் 14,500 கிலோமீட்டர். கணக்கு 17 மணி 44 நிமிடம் என்கிறது. பெர்த்திலிருந்து லண்டன் போகும்போது ஏறக்குறைய அவ்வளவுதான். லண்டனிலிருந்து பெர்த் வரும்போது காற்று தள்ளுவதால் அரை மணிக்கு மேல் குறையும். கிழக்கு மேற்காகப் போகும் பாதைகளில் இந்த ஏறுமாறு தவறாமல் இருக்கும். வடக்கு தெற்காகப் போகும் பாதைகளில் அவ்வளவாக இருக்காது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுவதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானே எதிரே வந்துவிட வேண்டுமே என்று கேட்பார். நல்ல கேள்வி, ஆனால் விடை நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. தரையில் நிற்கும் விமானமும் கிளம்பும் முன்பே அந்தச் சுழற்சியோடுதான் போய்க்கொண்டிருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் எகிறிக் குதித்தால் அடுத்த பெட்டியில் போய் விழுவதில்லை. பூமியின் சுழற்சிக்கு ஒரு பங்கு உண்டு, அது மறைமுகமானது. நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே வளைத்து ஜெட் ஓட்டத்தை உண்டாக்குவது அந்தச் சுழற்சிதான். அதனால் லாபம் கிழக்கே போகிறவருக்கு.

கடைசியாகக் கடிகாரம். சிங்கப்பூர் உலக நேரத்தைவிட 8 மணி முன்னால். நியூயார்க் கோடையில் 4 மணி பின்னால், குளிர்காலத்தில் 5 மணி பின்னால். ஆக வித்தியாசம் கோடையில் 12, குளிர்காலத்தில் 13. உதாரணத்துக்கு ஒரு கோடை நாளில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12.10-க்குக் கிளம்புகிறீர்கள். 18 மணி 50 நிமிடம் கழித்து சிங்கப்பூரில் இரவு 7 மணி. நியூயார்க்கில் அதே நாள் காலை 7 மணி. கடிகாரப்படி 6 மணி 50 நிமிடத்தில் வந்துவிட்டீர்கள். திரும்பும்போது திங்கட்கிழமை இரவு 10.30-க்குக் கிளம்பினால், இறங்குவது புதன் விடியற்காலை 5.20. கடிகாரப்படி 30 மணி 50 நிமிடம். செவ்வாய்க்கிழமை முழுவதும் வானத்திலேயே கரைந்துவிடுகிறது.

இங்கே ஒரு சின்ன வித்தை. போகும் கடிகார நேரத்தையும் வரும் கடிகார நேரத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 6.50-உம் 30.50-உம் சேர்ந்தால் 37 மணி 40 நிமிடம். பாதி 18 மணி 50 நிமிடம். நேர வித்தியாசம் ஒருபக்கம் கழிந்து மறுபக்கம் கூடுவதால் தானாக அடிபட்டு, உண்மையான சராசரிப் பயண நேரம் நிற்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 12. அதுதான் இரண்டு ஊர்களுக்கும் உள்ள நேர வித்தியாசம். எந்த இரண்டு விமான நிலையத்துக்கும் இது பொருந்தும், அட்டவணை மட்டும் கையில் இருந்தால் போதும். தேதிக்கோட்டைக் கடக்கும் பயணத்துக்கும் சரிவரும். கழித்தல் குறி வந்தால் பயப்படக் கூடாது. ஆக்லாந்தில் ஜூலை மாத இரவு 9 மணிக்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கும்போது அதே நாள் மதியம் 2 மணி. கிளம்புவதற்கு 7 மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிட்டதாகக் கடிகாரம் சத்தியம் செய்யும்.

ஆக எந்த எண்ணை எதற்குப் பார்ப்பது? உட்கார்ந்திருக்கும் நேரம் வேண்டுமா, டிக்கெட்டில் உள்ள மொத்த நேரம். இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டுமா, உள்ளூர் நேரத்தில் போட்டிருக்கும் இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் மட்டும் பாருங்கள். தூரம், வேகம் எதையும் தொட வேண்டாம். அழைத்துப்போக வருகிறவருக்கு மணியோடு தேதியையும் சொல்லுங்கள், திங்கள் கிளம்பியவர் செவ்வாய் வருவார் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அப்புறம் அந்த நள்ளிரவு 12.10. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00.10 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 11-ஆம் தேதி இரவு.